பரிணாமத்தை எண்ணிப் பழகுங்கள்: இனக்கூட்ட மரபியலுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

'பரிணாம வளர்ச்சி' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதில் பின்பாதியை முதலில் வெட்டிவிடுங்கள். பரிணாமத்தில் வளர்ச்சியும் கிடையாது, தேய்ச்சியும் கிடையாது, மாற்றம் மட்டும்தான். குகையில் வாழும் மீனினங்கள் சில பார்வையை இழந்தன, அதுவும் பரிணாமம்தான். 'வளர்ச்சி' என்று சொல்லும்போதே மனசுக்குள் ஒரு ஏணி வந்துவிடுகிறது. அதன் உச்சியில் மனிதன் உட்கார்ந்துகொள்கிறான். பிறகு படிப்பதெல்லாம் அந்த ஏணியில்தான் போய்த் தொங்கும்.

இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் இயற்கைத் தேர்விலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், ரொம்ப நாள் சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றேன். எண்ணுவதிலிருந்து தொடங்குவதே சுலபமான வழி என்பது என் அனுபவம். ஒரு தாள், பேனா, கணிப்பான், கறுப்பும் வெள்ளையுமாக நாற்பது சட்டைப் பொத்தான்கள், ஒரு துணிப்பை. இவ்வளவுதான் தேவை. பெருக்கலும் சதவீதமும் தெரிந்தால் கணக்குக்குப் போதும்.

முதல் படி: வினைச்சொல்லைத் திருத்துங்கள்

'பாக்டீரியா மருந்துக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டது.' இப்படி ஒரு வாக்கியத்தைச் செய்தியில் படிக்கிறோம். நம் மொழியில் இந்தக் 'கொண்டது' சாதாரணச் சொல் அல்ல. படித்துக்கொண்டான், தைத்துக்கொண்டாள் என்றால் தனக்காக, தெரிந்தே செய்ததாகப் பொருள். பாக்டீரியாவுக்கு அந்தத் திட்டமெல்லாம் கிடையாது. வாக்கியத்தை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: 'எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாக்களின் விகிதம் கூடியது.' எழுவாய் மாறிவிட்டது, கவனித்தீர்களா? மாறியது எந்தவொரு பாக்டீரியாவும் அல்ல, விகிதம்.

இது இலக்கணக் குறும்பு இல்லை. 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் சோதித்துப் பார்த்த கேள்வியே இதுதான். பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஒவ்வொன்றையும் அதைக் கொல்லும் வைரஸ் தடவிய தட்டில் பரப்பினார்கள். வைரஸைப் பார்த்த பிறகுதான் எதிர்ப்பு பிறக்கிறது என்றால், எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் பிழைத்த கூட்டங்கள் தெரிய வேண்டும். தெரிந்ததோ வேறு. பல தட்டுகளில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, ஏதோ ஒன்றில் மட்டும் கொத்துக் கொத்தாக. அந்தக் கொத்துத் தட்டுக்கு உரிய குழாயில் சடுதிமாற்றம் (மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம்) முன்கூட்டியே, வைரஸின் வாடையே படாத நேரத்தில், நடந்துவிட்டது. அதன் வாரிசுகள்தான் அத்தனையும். மாற்றம் முதலில் தற்செயலாக வருகிறது. சூழல் அதற்குப் பிறகு வடிகட்டுகிறது.

ஒரு வாரத்துக்கு, கண்ணில் படும் 'தகவமைத்துக்கொண்டது', 'வளர்த்துக்கொண்டது' எல்லாவற்றையும் மனசுக்குள் திருத்தி வாசியுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மீதிப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

இரண்டாம் படி: ஆள்களை விட்டுவிட்டு அல்லீல்களை எண்ணுங்கள்

ஒரே இடத்தில் வாழ்ந்து, தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யும் ஒரே இனத்து உயிர்கள் சேர்ந்தது இனக்கூட்டம். ஒரு மரபணுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கலாம், அந்த வடிவங்களே அல்லீல்கள். நம்மைப் போன்ற உயிர்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று.

பழகுவதற்கு எம்என் ரத்த வகை ரொம்ப வசதி. ஏபிஓ வகையில் சில அல்லீல்கள் ஒளிந்துகொள்ளும், இதில் எதுவும் ஒளிந்துகொள்ளாது. எம் அல்லீல் இரண்டு இருந்தால் எம்எம், இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தால் எம்என், என் இரண்டு இருந்தால் என்என். ரத்தத்தைச் சோதித்தால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்.

1,000 பேரில் 300 பேர் எம்எம், 500 பேர் எம்என், 200 பேர் என்என் என்று வைத்துக்கொள்வோம். ஆள்கள் ஆயிரம், அல்லீல்கள் 2,000. எம் எத்தனை? 300 பேரிடம் இரண்டிரண்டாக 600, 500 பேரிடம் ஒவ்வொன்றாக 500, ஆக 1,100. இதை 2,000ஆல் வகுத்தால் 0.55. மீதி 0.45 என் அல்லீலுடையது. புத்தகங்களில் இந்த இரண்டுக்கும் பீ, கியூ என்று பெயர் வைத்திருப்பார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நீங்கள் இப்போது எண்ணியதுதான் அது.

இந்த 0.55 தலைமுறைக்குத் தலைமுறை மாறினால் அதுதான் பரிணாமம். அதைவிடச் சிக்கனமான வரையறை எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாம் படி: எதுவுமே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள்

மெண்டலின் வேலை 1900இல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது பலருக்கும் ஒரு குழப்பம் இருந்தது. ஓங்கு பண்பு (ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது) என்றால், நாளாக நாளாக அது கூட்டம் முழுக்கப் பரவிவிட வேண்டாமா? குட்டை விரல் ஓங்கு பண்பு; அப்படியானால் நம்மில் ஏன் எல்லோருக்கும் குட்டை விரல் இல்லை? கேம்பிரிட்ஜில் மரபியலாளர் பன்னட் இந்தக் கேள்வியைத் தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணித மேதை ஹார்டியிடம் கொண்டுபோனார். ஹார்டி 1908இல் ஒரு சிறு குறிப்பில் அதை முடித்துவைத்தார். அதே ஆண்டு, அவருக்கும் முன்னதாகவே, ஷ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க்கும் இதையே சொல்லியிருந்தார். அவர் எழுதியது ஜெர்மன் மொழியில். 'ஹார்டி-வைன்பெர்க் சமநிலை' என்று அவர் பெயரும் சேர்ந்துகொள்ள 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்கள் சொன்னது இதுதான். கூட்டம் மிகப் பெரியது, இணை சேர்வது தற்செயல், யாரும் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை, சடுதிமாற்றம் இல்லை, எந்த வகைக்கும் கூடுதல் ஆதாயம் இல்லை என்றால், அல்லீல் விகிதம் அப்படியே நிற்கும். ஓங்கு, ஒடுங்கு என்பது ஒரு உடலுக்குள் எது வெளியே தெரிகிறது என்ற கதை. கூட்டத்தில் எது பெருகும் என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

நம் எண்களை இதில் போட்டுப் பார்ப்போம். எம்எம் வர வேண்டுமானால் இரண்டு பக்கமும் எம் வர வேண்டும்: 0.55 × 0.55 = 0.3025, ஆயிரத்தில் சுமார் 302 பேர். என்என்: 0.45 × 0.45 = 0.2025, சுமார் 203 பேர். எம்என் இரண்டு வழியாக வரலாம் என்பதால் 2 × 0.55 × 0.45 = 0.495, அதாவது 495 பேர். நாம் எண்ணியது 300, 500, 200. கிட்டத்தட்ட அப்படியே.

இப்போது வேறொரு கூட்டம். எம்எம் 425, எம்என் 250, என்என் 325. எம் விகிதத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள், அதே 0.55தான் வரும். ஆனால் எம்என் 495 இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பேர் எங்கே? படிக்கிற காலத்தில் இதே மாதிரி ஒரு கணக்கைப் பார்த்ததும் 'எம்என் வகையினர் பிழைக்கவில்லை, இயற்கைத் தேர்வு' என்று எழுதி, முழு மதிப்பெண்ணையும் பறிகொடுத்தேன்.

யாரும் சாகவில்லை. ஒரு கூட்டம் என்று நான் நினைத்தது இரண்டு கூட்டம். ஒன்றில் 500 பேர், எம் விகிதம் 0.9. அங்கே எதிர்பார்ப்பு 405, 90, 5. இன்னொன்றில் 500 பேர், எம் விகிதம் 0.2. அங்கே 20, 160, 320. இரண்டும் தனித்தனியாக ஹார்டி-வைன்பெர்க் சமநிலையில் கச்சிதமாக நிற்கின்றன. ஒரே பட்டியலில் கொட்டிக் கூட்டினால் 425, 250, 325. நடுவில் இருப்பவர்கள் 'காணாமல்' போவார்கள். 1928இல் இதை விளக்கிய ஸ்வீடன் நாட்டு ஸ்டென் வாலுண்டின் பெயரில் இது வாலுண்ட் விளைவு எனப்படுகிறது. நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ந்தாலும் இதே அறிகுறி தெரியும்.

ஹார்டி-வைன்பெர்க் சமநிலையைப் பற்றிய பொதுவான புகார், 'நிஜத்தில் எந்தக் கூட்டமும் அப்படி இல்லையே' என்பது. இருக்க வேண்டியதில்லை. அது காய்ச்சலில்லாத உடலின் வெப்பநிலை மாதிரி. எவ்வளவு விலகியிருக்கிறது, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்ப்பதற்கான கோடு.

அதே கோட்டை வைத்து இன்னொரு காரியமும் செய்யலாம். ஒடுங்கு நோய் (இரண்டு பிரதியும் இருந்தால் மட்டுமே வருவது) ஒன்று 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்றால், அந்த அல்லீலின் விகிதம் 1/10,000இன் வர்க்கமூலம், 0.01. நோயில்லாமல் அதைச் சுமப்பவர்கள் 2 × 0.99 × 0.01, ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 10,000 பேரில் 198 பேர். நோயாளி ஒருவரிடம் இருப்பது இரண்டு பிரதி, ஆரோக்கியமானவர்களிடம் ஒளிந்திருப்பது 198. நோயுள்ளவர்கள் யாருமே குழந்தை பெறாவிட்டாலும் அல்லீல் லேசில் நகராது. விகிதத்தின் தலைகீழ் எண் (1 ÷ 0.01 = 100) ஒரு தலைமுறைக்கு ஒன்று மட்டுமே கூடும். நூறு இருநூறாக, அதாவது 0.01 பாதியாகக் குறைய, 100 தலைமுறை. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,500 ஆண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'இனத்தைச் சுத்தம் செய்கிறோம்' என்று கிளம்பியவர்களின் திட்டம் கொடூரமானது மட்டுமல்ல, இந்தக் கணக்கின்படி முட்டாள்தனமானதும்கூட.

நான்காம் படி: பைக்குள் கை விடுங்கள்

இதை மட்டும் வாசித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள், கையால் செய்யுங்கள். பையில் 10 கறுப்பு, 10 வெள்ளைப் பொத்தான்களைப் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 20 தடவை. கறுப்பு 12 முறை வந்தால், அடுத்த தலைமுறைக்குப் பையில் 12 கறுப்பு, 8 வெள்ளை. மறுபடி 20 தடவை. ஒரு நிறம் மட்டும் மிஞ்சும் வரை நிறுத்தாதீர்கள்.

நான் முதலில் செய்தபோது கறுப்பு 12, 11, 14, 13, 9, 8 என்று தடுமாறிக்கொண்டே போய், 23ஆம் சுற்றில் வெள்ளை தீர்ந்தது. அடுத்த தடவை வெள்ளை ஜெயித்தது, அதற்கு 40 சுற்றுக்கு மேல் ஆனது. எந்த நிறத்துக்கும் ஒரு ஆதாயமும் இல்லை. இருந்தும் ஒன்று முழுசாக நிலைத்து, இன்னொன்று அழிந்தது. இதற்குப் பெயர் மரபணு நகர்வு. எதிர்காலம் நினைவில் இல்லாத, இறந்தகாலமும் நினைவில் இல்லாத வெறும் குலுக்கல்.

பீட்டர் பியூரி 1956இல் வெளியிட்ட ஆய்வு இதே பை விளையாட்டுதான், பொத்தானுக்குப் பதில் பழ ஈக்கள். 107 குப்பிகள், ஒவ்வொரு தலைமுறையிலும் குப்பிக்கு 8 ஆண், 8 பெண். கண் நிறத்தைக் காட்டும் ஓர் அல்லீல் எல்லாக் குப்பியிலும் சரிபாதியில் தொடங்கியது. 19 தலைமுறை முடிந்தபோது 30 குப்பிகளில் அந்த அல்லீல் அழிந்திருந்தது, 28இல் அது மட்டுமே இருந்தது. ஒரே தொடக்கம், ஒரே உணவு, ஒரே அறை. எந்தக் குப்பியில் என்ன நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மொத்தத்தில் எப்படி விரியும் என்பதைக் கணக்கு சொல்லிவிடும்.

இங்கே இரண்டு விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதாயமும் நஷ்டமும் இல்லாத ஓர் அல்லீல் கடைசியில் நிலைத்துவிடுவதற்கான வாய்ப்பு, அதன் இன்றைய விகிதம்தான். பையில் 20இல் 5 கறுப்பு என்றால் கறுப்பு ஜெயிக்க 25 சதவீத வாய்ப்பு. இரண்டாவது, கூட்டம் சிறிதாக இருந்தால் ஆட்டம் பலமாக இருக்கும். 200 பொத்தான்களோடு செய்து பாருங்கள், பொறுமை முதலில் தீர்ந்துவிடும்.

'சிறியது' என்பதைத் தலைகளை எண்ணித் தீர்மானிக்கக் கூடாது. 100 விலங்குகள் கொண்ட கூட்டத்தில் 5 ஆண்கள், 95 பெண்கள் இனப்பெருக்கம் செய்கின்றன என்று வையுங்கள். ஆண் பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூடுதலால் வகுத்தால் 4 × 5 × 95 ÷ 100 = 19. பார்வைக்கு நூறு, மரபியல் கணக்கில் பத்தொன்பது. இதைப் பயனுறு இனக்கூட்ட அளவு என்பார்கள். வட பசிபிக் கரையோரத்து யானை சீல்களை எண்ணெய்க்காக வேட்டையாடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெகு சிலவற்றையே மிச்சம் வைத்தார்கள். அவற்றிலும் ஓர் ஆண் பல பெண்களோடு இணை சேரும் வழக்கம். இன்று எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி மீண்டுவிட்டது. ஆனால் 1974இல் வெளியான ஆய்வில் 24 புரத மரபணு இடங்களைச் சோதித்தபோது, ஒன்றில்கூட வேறுபாடு தென்படவில்லை. எண்ணிக்கை திரும்பிவிடும், இழந்த அல்லீல் அப்படித் திரும்பாது. இந்தச் சம்பவத்துக்குப் பாட்டில் கழுத்து விளைவு என்று பெயர். ஒரு சிலர் பிரிந்துபோய்ப் புது இடத்தில் கூட்டத்தைத் தொடங்கினால் நிறுவனர் விளைவு. உள்ளே இருக்கும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஐந்தாம் படி: இப்போது இயற்கைத் தேர்வைச் சேர்த்துப் பாருங்கள்

'தக்கன பிழைக்கும்' என்று தமிழில் வழங்குவது நல்ல மொழிபெயர்ப்பு. 'வலியன' என்று போடாமல் 'தக்கன' என்று போட்டவர் யாரோ, விவரமானவர். ஆனாலும் 'பிழைக்கும்' கொஞ்சம் இடறும். நூறு வயது வரை பிழைத்து வாரிசு இல்லாமல் போனால் இந்தக் கணக்கில் பூஜ்யம். தகுதி என்பது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும் பிரதிகளின் எண்ணிக்கை, வேறொன்றும் இல்லை.

பையில் இதைச் செய்ய, கறுப்பு வந்தால் எப்போதும் குறியுங்கள். வெள்ளை வந்தால் ஒரு பகடையை உருட்டி, 1 விழுந்தால் அந்த எடுப்பைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி எடுங்கள். கறுப்புக்குக் கணிசமான ஆதாயம். இருந்தும் சில ஆட்டங்களில் வெள்ளையே ஜெயிக்கும். அதிலும் ஒரே ஒரு கறுப்போடு தொடங்கினால் பெரும்பாலான ஆட்டங்களில் கறுப்பு முதல் சில சுற்றுகளிலேயே காணாமல் போய்விடும். மரபியலாளர் ஹால்டேன் 1927இல் போட்ட கணக்கு இது: பெரிய கூட்டத்தில் புதிதாகத் தோன்றிய நல்ல அல்லீல் நிலைக்கும் வாய்ப்பு, அதன் ஆதாயத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆதாயம் 1 சதவீதம் என்றால் நிலைக்க 2 சதவீத வாய்ப்பு. நல்ல சடுதிமாற்றங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்த சுவடே தெரியாமல் போகின்றன.

தேர்வு எப்போதும் ஒன்றை ஜெயிக்கவைத்து இன்னொன்றை ஒழிக்கும் என்றும் இல்லை. கதிர் அரிவாள் சோகையை உண்டாக்கும் அல்லீல் இரண்டு பிரதி இருந்தால் கடும் நோய். ஒரு பிரதி இருந்தால் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. 1954இல் ஆண்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தத் தொடர்பைக் காட்டினார். கணக்குக்காக, மலேரியாவால் சாதாரண வகையினர் 15 சதவீதம் பின்தங்குகிறார்கள், இரண்டு பிரதி உள்ளவர்கள் யாரும் வாரிசு விடுவதில்லை என்று கொள்வோம். 0.15ஐ 1.15ஆல் வகுத்தால் 0.13. அந்த அல்லீல் 13 சதவீதத்தில் போய் நின்றுவிடும், மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. மலேரியா ஒழிந்த இடத்தில் அந்த 15 சதவீதம் பூஜ்யமாகிறது. அதே அல்லீல், அதே டிஎன்ஏ எழுத்துகள், தகுதி மட்டும் மாறிப்போகிறது.

சடுதிமாற்றத்தையும் மரபணு ஓட்டத்தையும் விரிவாக எழுதாததற்குக் காரணம், தொடக்கத்தில் அவை குழப்புவதில்லை என்பதுதான். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புது மாற்றங்கள் சுமார் 60, 70 இருக்கும், பெரும்பாலானவை நல்லதும் செய்யாது கெட்டதும் செய்யாது. மரபணு ஓட்டம் என்பது இரண்டு பைகளுக்கு இடையே பொத்தான்களை மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டை மாற்றினாலே இரண்டு பையும் விலகிப் போவது மட்டுப்படும். புதிய இனங்கள் தோன்றுவதைப் படிக்கும்போது இந்தப் பரிமாற்றம் எப்படி நிற்கிறது என்பதே மையக் கேள்வியாக வரும். அதற்கு அவசரம் இல்லை.

ஆறாம் படி: ஒரு நிஜக் கதையை எடுத்துச் சோதியுங்கள்

கலாபகோஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவு. 1973 முதல் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் அங்கே குருவிகளுக்கு வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் சீக்கிரம் தீர்ந்தன, பெரிய கடினமான விதைகளே மிஞ்சின. தரைவாழ் நடுத்தரக் குருவியினத்தில் சுமார் 85 சதவீதம் குறைந்துபோனது. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடிப்பாக இருந்தது.

இதைப் பார்த்து உடனே 'தேர்வு' என்று எழுதாதீர்கள், ஒருமுறை மதிப்பெண் இழந்தவன் சொல்கிறேன். வரிசையாகக் கேளுங்கள். பஞ்சத்துக்கு முன்பே அலகுகளில் வேறுபாடு இருந்ததா? இருந்தது, அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த வேறுபாடு வாரிசுக்குப் போகிறதா? பெற்றோரையும் குஞ்சுகளையும் ஒப்பிட்டால் போகிறது. வேறு தீவிலிருந்து தடித்த அலகுப் பறவைகள் வந்து சேர்ந்தனவா? வளையம் இருப்பதால் யார் யார் என்று தெரியும். செத்ததும் பிழைத்ததும் வெறும் குலுக்கலா? 85 சதவீதம் சாகும்போது நகர்வு எவ்வளவு ஆட்டும் என்று பையில் பார்த்துவிட்டோம், ஆகவே இது நியாயமான சந்தேகம். ஆனால் பிழைத்தவற்றின் அலகு, செத்தவற்றின் அலகைவிடத் தற்செயல் கொடுக்கக்கூடிய அளவுக்கும் மேல் தடிப்பாக இருந்தது. இத்தனையும் தாண்டி வந்த பிறகு 'தேர்வு' என்று எழுதலாம்.

எந்தக் குருவியும் அலகைத் தடிப்பாக்கிக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். 1983இல் எல் நீன்யோ பெருமழை கொட்டியது. தீவில் சிறு விதைகள் குவிந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சிறிய அலகுள்ளவை முந்தின, சராசரி மறுபடி கீழே இறங்கியது.